ஆத்திமோட்டைக்கு ஒரு கட்டம்

திங்கள், 12 செப்ரெம்பர்

சோளகக் காத்து நிக்கிற பாடாய் இல்லை. கந்தோர் யன்னலைப் பூட்டினால் வேர்வை, திறந்தால் மேசை முழுக்க மணல். கீபோட்டுக்குள்ளயும் போயிட்டுது. 'ந' அமத்தினால் ரெண்டு ந விழுது.

பல்லு குத்துது. வலப்பக்கம், கீழ், கடைசி. கிராம்பு வச்சுக்கொண்டு இருக்கிறன். அக்கா சொல்லுறா புடுங்கிப் போடட்டாம். அவவுக்கென்ன, என்ர பல்லுத்தானே.

இந்தக் கிழமைக்கு:
- புள்ளியெல்லாத்தையும் ராஸ்ரர் ஆக்கிறது (ஏழு ஊர்)
- நிறம், எல்லைக்கோடு, ஊர்ப்பேர் (தமிழ் எழுத்து பெட்டி பெட்டியா வருது, பாக்கவேணும்)
- நேசன் சேருக்குக் காட்டிறது
- பல்லு டொக்டர். செவ்வாய்? வியாழன்?

பத்தரைக்குக் கரண்ட் போச்சு. யூ.பி.எஸ். கீச் கீச்செண்டு கத்திப்போட்டு அதுவும் நிண்டது. மூண்டு ஊர் செய்து முடிச்சனான், சேவ் பண்ணேல்லை. எல்லாம் போச்சு. ஆரை ஏசிறது, என்ர பிழை. பன்னிரண்டு மணி வரைக்கும் யன்னலால கழுதையளைப் பாத்துக்கொண்டு இருந்தன்.

பின்னேரம் கீரிக் கிராமத்து வீட்டை வர, அக்கா குந்தியிருந்து கடுகில கல்லுப் பொறுக்கிறா. "நீ அங்க கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து என்னதான் செய்யிறனி?" எண்டு கேட்டா. மூண்டு வருசமா வேலை செய்யிறன், இண்டைக்குத்தான் கேக்கத் தோணினது.

அக்காவின்ர சின்னவளின்ர கணக்குக் கொப்பியை விரிச்சு அதில கொஞ்சக் கடுகைத் தூவினன். "இது ஊர். ஒரு கடுகு ஒரு குடும்பம். நாங்கள் ஜி.பி.எஸ். மெசினோட போய் வீட்டு வாசல்ல நிண்டு எடுத்த புள்ளி. இப்ப கடுகு கிடக்கிற கட்டத்துக்கு மட்டும் பென்சிலால நிறம் தீட்டு. தீட்டியாச்சோ? இனிக் கடுகைத் தட்டி விடு. மிச்சம் இருக்கிற கொப்பிதான் ராஸ்ரர்."

"ஒரு கட்டத்துக்க மூண்டு கடுகு கிடந்தால்?"

"அதுவும் ஒரு கட்டம்தான்."

"அப்ப மற்ற ரெண்டு வீடும் எங்க போறது?"

"அதுக்குள்ளதான் அக்கா."

"நல்ல வேலை. உதுக்கு வான் அனுப்பி ஏத்தி இறக்கினம் வேற."

கடுகு நிலமெல்லாம். பொறுக்கினது நான்தான்.

(எனக்கு மறக்காமல் இருக்க: கொழும்புக் கந்தோர் சொன்ன கட்டம், நூறு மீற்றருக்கு நூறு மீற்றர். நிறம் விழுந்த கட்டம் பத்தெண்டாலும் இருந்தால்தான் அந்த ஊருக்கு இந்த முறை கல்வீடு. எங்கட பக்கத்து ஊருகளில வளவு பெரிசு, ஒரு கட்டத்துக்க ஒரு வீடு, கூடினால் ரெண்டு. ஒரு ஊரும் தவறாது எண்டார் நேசன் சேர். வெள்ளி பின்னேரம் அஞ்சு மணிக்கு முதல் படம் அனுப்ப வேணும்.)

செவ்வாய், 13

காத்து. அதே காத்து.

அஞ்சு ஊர் முடிஞ்சுது. வடிவா வந்திருக்கு. எங்கட வங்காலைப் பக்கம் ஒரு ஊர், கரை நீளத்துக்குச் சிவப்புக் கட்டம், பாக்க ஆசையா இருந்தது. மத்தியானம் புட்டும் மீன்குழம்பும், இடப்பக்கத்தால மென்று.

பின்னேரம் ஆத்திமோட்டை. ஒரு கட்டம்.

ஒண்டே ஒண்டு. படம் முழுக்க வெள்ளை, நடுவில ஒரு சிவப்புப் பெட்டி. நேற்றுக் கரண்ட் போனதில பைல் பழுதாப் போச்சு எண்டு நினைச்சுத் திருப்பி ஓடவிட்டன். ஒண்டு. அட்டவணையைத் திறந்து பாத்தன், இருபத்திமூண்டு வரி இருக்கு, இருபத்திமூண்டு பேரும் இருக்கு. புள்ளிப் படத்தைத் திறந்தன். ஒரு புள்ளி. கிட்டக் கிட்டப் பெருப்பிச்சுக்கொண்டே போக, அந்த ஒரு புள்ளி பிரிஞ்சு பிரிஞ்சு இருபத்திமூண்டாச்சு. எல்லாம் ரோட்டில, மதகடியில.

அப்பதான் நினைவு வந்தது.

யூலை மாசம். வெள்ளாங்குளம் தாண்டி உள்ளுக்குப் போற கிறவல் ரோட்டு. ரோட்டுக்கு இங்கால தறப்பாள் கொட்டில், சனம் அகதி முகாமால வந்து இருக்கிற இடம். ரோட்டுக்கு அங்கால அவையின்ர சொந்த வளவுகள், ஆனா மஞ்சள் நாடா கட்டி மண்டையோட்டுப் பலகை நட்டுக் கிடந்தது. மிதிவெடி இன்னும் எடுத்து முடியேல்லை. உச்சி வெய்யில். அன்ரன் அண்ணை, எங்கட ட்ரைவர், பசிக்குது பசிக்குது எண்டு வாகனத்தைச் சுத்திச் சுத்தி நடந்தவர். சனம் என்னைக் கேட்டது, "பிள்ளை, வளவுக்க போக ஏலாதே, எங்க நிக்கிறது?"

நான்தான் சொன்னனான். "பரவாயில்லை, இந்த மதகில நில்லுங்கோ, காணும்."

மாதா கோயில் பூசையில நன்மை எடுக்கப் போற மாதிரி வரிசையா வந்திச்சினம். ஒவ்வொரு ஆளும் பேரைச் சொல்லும், கையை நீட்டி "அந்தா, அந்த ரெட்டைப் பனைக்கு அங்கால" எண்டு காட்டும். நான் மெசினை அமத்துவன். அடுத்த ஆள். நாப்பது நிமிசத்தில முடிச்சிட்டன் எண்டு எனக்குப் பெருமை வேற. அறிக்கையில எழுதினது: ஆத்திமோட்டை 23/23, முழுமை. கையெழுத்தும் என்ர.

மெசின் நான் நிண்ட இடத்தைத்தான் எழுதும். அவை காட்டின இடத்தை எழுதாது. இது எனக்குத் தெரியாதோ? தெரியும். படிச்சனான், சேர்ட்டிபிக்கற் வச்சிருக்கிறன்.

நேசன் சேர் போயிட்டார். நாளைக்குச் சொல்லுறன்.

அக்கா கேட்டா ஏன் முகம் வீங்கிக் கிடக்கு எண்டு. பல்லு எண்டன்.

புதன், 14

விடிய எழும்பக் காத்துக் குறைவு. கடல் வெள்ளையாக் கிடந்தது. பல்லுக்குப் பனடோல் ரெண்டு.

நேசன் சேர் எங்கட திட்ட அலுவலர். கெட்ட மனிசன் இல்லை. நல்ல மனிசன் எண்டும் எழுத ஏலாது. முழுக்கச் சொன்னன். கதிரையைப் பின்னுக்குச் சாய்ச்சுக்கொண்டு கேட்டார்.

"நீர்தானே புள்ளி எடுத்தனீர்?"

"ஓம் சேர்."

"உள்ளுக்குப் போக ஏலாதெண்டால் ஏலாதெண்டு அண்டைக்கே எழுதியிருக்கலாம். முழுமை எண்டெல்லோ எழுதினனீர்."

"ஓம் சேர்."



இண்டைக்குச் செய்து பாத்தது:

1. ஒரு கட்டத்துக்க கன புள்ளி விழுந்தால் என்ன செய்யிறதெண்டு சொவ்ட்வெயார் கேக்கும். கடைசியா வந்ததை எடுக்கிறதோ, எல்லாத்தையும் கூட்டிறதோ. கூட்டு எண்டு குடுத்தன். கட்டத்துக்கு 23 எண்டு நம்பர் வந்தது. சந்தோசமா ஓடிப்போய்க் காட்டினன். "கொழும்பில கட்டத்தைத்தான் எண்ணுவாங்கள், கட்டத்துக்குள்ள இருக்கிற நம்பரை இல்லை," எண்டார் நே.சே.

2. கட்டத்தைச் சின்னனாக்கினன். ஒரு மீற்றர். இருபத்திமூண்டு கட்டம் வந்தது. எல்லாம் மதகுக்கு மேல. நே.சே. சிரிச்சிட்டார். "மதகில இருபத்திமூண்டு கல்வீடு கட்டுவமோ?"

3. கொழும்புக்குப் போன் எடுத்தன். அங்க ஒரு பிள்ளை, நல்ல தமிழ், நல்ல பொறுமை. நான் சொன்னது முழுக்கக் கேட்டிட்டு, "அக்கா, எனக்கு விளங்குது, ஆனா எல்லா மாவட்டத்துக்கும் ஒரே கணக்கு, உங்களுக்கு மட்டும் மாத்த ஏலாது," எண்டாள். நன்றி சொல்லி வச்சன்.

4. இதை எழுத வெக்கமா இருக்கு. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போக, வெளிக்களக் கொப்பியை எடுத்து வச்சு, அவை கை காட்டினதை வாசிச்சு வாசிச்சு, புள்ளியளை ஒவ்வொண்டா நானே இழுத்து வைக்கத் துவங்கினன். 'ரெட்டைப் பனைக்கு அங்கால.' எவ்வளவு அங்கால? 'பழைய கிணத்துக்குத் தெற்கை.' எந்தக் கிணறு? அஞ்சு பேரின்ர புள்ளியை வச்சன். மேல இருந்து எடுத்த படத்தைப் போட்டுப் பாத்தால் அந்த ஊர்ச் சிவபாதம் ஐயாவின்ர வீடு மோட்டைக்குள்ள நிக்குது, தண்ணிக்க. நான் பேய்ச்சி. எல்லாத்தையும் திருப்பி மதகிலயே கொண்டுவந்து விட்டன்.

நே.சே. வெளிக்கிடேக்க என்ர மேசையடிக்கு வந்தார். குரல் தணிச்சுத்தான் கதைச்சார். "உண்மையான புள்ளி கொண்டாரும். காணிக்க நிண்டு எடுத்தது. வெள்ளி பின்னேரத்துக்கு முதல் கொண்டுவந்தால் போடலாம். இல்லாட்டி இருக்கிறபடி அனுப்புவம். அடுத்த முறை பாப்பம்."

"அடுத்த முறை எப்ப சேர்?"

"அது ஆருக்குத் தெரியும்."

மிதிவெடி எடுக்கிற ஆக்களின்ர முகாமுக்குப் போன் எடுத்தன். சுப்பவைசர் ஒரு தம்பி. மரியாதையாத்தான் கதைச்சான். அந்தத் துண்டுக்கு மாரிக்குப் பிறகுதான் கை வைப்பினமாம். இப்ப ஒரு குருவியையும் உள்ளுக்கு விடமாட்டினமாம். "அஞ்சே அஞ்சு நிமிசம் தம்பி" எண்டன். "அக்கா, அரை நிமிசம் காணும்" எண்டான். அரை நிமிசத்தில என்ன நடக்குமெண்டு அவன் சொல்லேல்லை, நான் கேக்கவுமில்லை.

மாரி வரப்போகுது. தறப்பாள் இப்பவே பொத்தல். போன மாரிக்கு முழங்கால் தண்ணியில இரவிரவா நிண்டவையாம்.

என்ர கடவுளே, நான் ஏன் அந்த மதகைக் காட்டினனான்.

வியாழன், 15

பல்லு டொக்டர். ஆஸ்பத்திரி வாங்கில ரெண்டு மணித்தியாலம். பக்கத்தில இருந்த மனிசி தன்ர மருமகளைப் பற்றி முழுக்கச் சொல்லி முடிச்சா. "வாயில பல்லுத்தான் கொதி எண்டால் பரவாயில்லை பிள்ளை, வீட்டிலயும் கொதி."

வீக்கம் வத்தினால்தானாம் புடுங்கலாம். குளிசை தந்து விட்டினம். போனதும் ஒண்டு, போகாததும் ஒண்டு.

திரும்பி வாற பஸ்ஸில சிவபாதம் ஐயா போன் எடுத்தார்.

இவரைப் பற்றி எழுதவேணும். ஆத்திமோட்டைச் சங்கத் தலைவர். அறுபது தாண்டியிருக்கும். நெல்லு விதைச்ச மனிசன், இப்ப வயலும் நாடாவுக்கு அங்கால. கிழமைக்கு ஒருக்கா எனக்குப் போன் எடுப்பார். கேக்கிறது ஒண்டுதான்: "பிள்ளை, எங்கட ஊர் படத்தில வந்திட்டுதோ?" யூலையிலிருந்து நான் சொல்லுறது, "வரும் ஐயா, வரும்."

இண்டைக்கு ஏலாமல் போச்சு. உண்மையைச் சொல்லிப்போட்டன். பஸ்ஸுக்குள்ள நிண்டுகொண்டு, ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, வாயில கிராம்பு.

"ஐயா, அண்டைக்கு மதகில நிண்டு எடுத்தது சரிவரேல்லை. எல்லாரும் ஒரே இடத்தில நிண்டதால ஒரு வீடு எண்டுதான் காட்டுது."

"ஒரு வீடோ? இருபத்திமூண்டு குடும்பம் பிள்ளை."

"ஓம் ஐயா. என்ர பிழை."

"சீச்சீ, உங்கட பிழையெண்டு ஆர் சொன்னது? மெசின்ர பிழையாயிருக்கும். இப்ப என்ன செய்யவேணும் சொல்லுங்கோ."

"ஒவ்வொரு ஆளும் தன்ர தன்ர காணிக்க நிண்டால்தான் சரியா விழும். ஆனா உள்ளுக்குப் போக ஏலாதே. நாளைக்கு வாறன் ஐயா. வந்து சுப்பவைசரோட கதைச்சுப் பாக்கிறன்."

பிறகு கேட்டார், "உது எப்பிடிப் பிள்ளை, அந்தச் சின்ன மெசினுக்கு நாங்கள் நிக்கிற இடம் தெரியுது?"

எனக்கு வாய் வலி. பஸ் வேற குலுக்குது. எனக்குப் பின்னால ஒரு பொடியன் பாட்டுப் போட்டுக்கொண்டு நிக்கிறான். "மேல சட்டலைற் இருக்கு ஐயா. நிக்கிற இடத்தை மேல இருந்து பாத்துச் சொல்லும். அசையாமல் நிண்டால் நல்லா விழும்."

"மேல இருந்தோ?"

"ஓம் ஓம்."

"அப்ப சரி. எத்தினை மணிக்கு வாறியள்?"

"ஒம்பது மணிக்கு நிப்பன்."

"அப்ப சரி பிள்ளை. நாங்கள் நிக்கிறம்."

மதகடியில நிப்பினம் எண்டுதான் நினைச்சன். வேற என்னத்தை நினைக்கிறது?

நாளைக்கு வேலை: மெசினுக்கு பற்றறி. தொப்பி. குளிசை. சுப்பவைசருக்கு இனிப்பா மன்னார் தொதல் கொண்டுபோகலாமோ? வெக்கக்கேடு. கொண்டுபோறன்.

வெள்ளி, 16

எழுதக் கை வருதில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறன்.

ஒம்பதுக்கு நிப்பன் எண்டு சொன்னனான். வாகனம் கொழும்பில இருந்து வந்த ஆரையோ தள்ளாடிச் சந்திக்குக் கொண்டுபோய் விடப் போயிட்டுது. அன்ரன் அண்ணை வர ஒம்பதரை. மெயின் ரோட்டில வேலை, ஒரு பக்கம் பூட்டி. ஐயாவுக்குப் போன் எடுத்தன், அடிக்குது, எடுக்கிறாரில்லை. மூண்டு தரம்.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தம். மதகில ஒருதரும் இல்லை. கொட்டிலுகளிலயும் பெரிய ஆக்கள் இல்லை, பிள்ளையள் மட்டும் ரோட்டோரம் வரிசையா இருந்து அங்கால பாத்துக்கொண்டு இருக்குதுகள்.

"அம்மா எங்க?" எண்டு ஒண்டைக் கேட்டன்.

"வீட்டில."

"எந்த வீட்டில?"

கையை நீட்டிச்சு. நாடாவுக்கு அங்கால.

முதல் எனக்குத் தெரியேல்லை. வெறும் பத்தை. பிறகு ஒரு தலை. அங்கால இன்னொண்டு. ரெட்டைப் பனைக்குக் கிட்ட வெள்ளைச் சேட்டு. அத்திவாரக் கல்லுக்கு மேல ஒரு மனிசி. கண்ணுக்கு எட்டினது ஏழு பேர், மற்றவை பத்தைக்கு அங்கால, மொத்தம் பதினெட்டுப் பேர் எண்டு பிறகுதான் தெரியும். ஒவ்வொரு ஆளும் தன்ர தன்ர வளவுக்க. ஒருதரும் ஒருதரோடயும் கதைக்கேல்லை. எல்லாரும் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கினம்.

ஒரு மனிசி குடை கொண்டுபோயிருக்கிறா. விரிக்கேல்லை. மடக்கிக் கக்கத்துக்க வச்சிருக்கிறா. இந்த வெய்யிலுக்க. மேல இருந்து பாக்க மறைக்குமெண்டு.

அன்ரன் அண்ணை "அடக் கடவுளே" எண்டு சொல்லி வாகனத்திலயே சாய்ஞ்சிட்டார். நான் கத்தினன். என்ன கத்தினன் எண்டு தெரியாது. வெள்ளைச் சேட்டு என்னைக் கண்டு கையைத் தூக்கப்போய், தூக்காமல் விட்டுது. அதுதான் சிவபாதம் ஐயா.

முகாமுக்குப் போன் எடுத்தன், பத்து நிமிசத்தில வந்திட்டினம். சுப்பவைசர் தம்பி இறங்கின உடன விசில் ஊதி, லவுட்ஸ்பீக்கரில கத்தினான்: "ஒருதரும் அசையாதேங்கோ! நிண்ட இடத்திலயே நில்லுங்கோ! அசையாதேங்கோ!"

அங்கால இருந்து ஐயாவின்ர குரல், சந்தோசமா: "ஓம் தம்பி, அசையேல்லை! விடியத் துவங்கி அசையேல்லை!"

நான் ரோட்டில குந்திட்டன்.

ரெண்டு சோடியாப் பிரிஞ்சு ஒவ்வொரு ஆளா எடுத்தாங்கள். முன்னால ஒருத்தன் கருவியால மண்ணைத் தடவித் தடவிப் போவான், பின்னால அவன்ர அடியில அடி வச்சு மற்றவன், திரும்பி வாறதும் அப்பிடித்தான். ஒரு ஆளுக்குப் பத்து நிமிசம், இருவது நிமிசம். முதல் வந்தது குடைக்கார மனிசி. என்னைக் கண்டு சிரிச்சா. "சரியா விழுந்திருக்கும் என்ன பிள்ளை? நான் குசினி இருந்த இடத்தில நிண்டனான்."

இதையும் எழுதவேணும். பொய் எழுதினால் இந்தக் கொப்பி எதுக்கு. நாலாவது ஆளை எடுக்கப் போகேக்க நான் சுப்பவைசரிட்டப் போனன். மெசினை நீட்டினன். "தம்பி, உங்கட பெடியள் போற போக்கில இதைக் கொண்டுபோய் ஒவ்வொரு ஆளுக்குப் பக்கத்திலயும் ஒருக்கா அமத்தினால்…"

என்னை ஒரு பார்வை பாத்தான். "அக்கா, என்ர பெடியள் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு போறாங்கள். உங்களுக்கு விசரோ?"

சரிதான். திருப்பிப் பாக்குக்குள்ள வச்சன். தொதல் பெட்டியும் அதுக்குள்ளதான் கிடந்தது, குடுக்கேல்லை.

பன்னிரண்டு. ஒண்டு. நே.சே. எஸ்.எம்.எஸ்.: புள்ளி வந்ததோ. பதில் போடேல்லை. பிள்ளையளுக்கு ஆரோ பாண் வெட்டிக் குடுத்திச்சினம். பதினேழு பேர் வந்தாச்சு. ஒரு வெடியும் இல்லை. மாதாவே நன்றி, மாதாவே நன்றி, விரலால எண்ணி எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தன்.

கடைசி சிவபாதம் ஐயா. அவர்தான் கன உள்ளுக்கு. வெளியில வர ரெண்டு மணி தாண்டிட்டுது. சேட்டு முதுகோட ஒட்டிக் கிடந்தது. ஆனாலும் நிமிந்துதான் வந்தார்.

சுப்பவைசர் எல்லாரையும் மதகடியில இருத்திப்போட்டுக் கேட்டான். "ஆர் உங்களை உள்ளுக்குப் போகச் சொன்னது?"

சனம் நிலத்தைப் பாத்தது. ஒருதரும் என்ர பக்கம் திரும்பேல்லை.

"ஒருதரும் சொல்லேல்லை தம்பி," எண்டார் ஐயா. "எங்கட வளவுதானே. விறகுக்கும் போறனாங்கள்தானே."

"விறகுக்குப் போன ஆக்கள் ஏன் வானத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

ஐயா குனிஞ்சு சாரத்தில ஒட்டின முள்ளைப் பிடுங்கினார்.

நான் ரெண்டு மீற்றர் தள்ளி நிண்டனான். நான்தான் சொன்னனான் எண்டு ஒரு வசனம். அதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? வாய் திறக்கேல்லை. பல்லு வலி எண்டு சாட்டுச் சொல்ல ஏலாது. நான் பயந்துபோனன், அவ்வளவுதான்.

அவன் பேரெல்லாம் எழுதினான். நாளைக்கு முள்ளுக்கம்பி அடிக்கினமாம். இனி ரோட்டுக்கரைப் பத்தைக்கும் போக ஏலாதாம். சனம் எழும்பிக் கொட்டிலுக்குப் போச்சுது.

ஐயா மட்டும் என்னட்ட வந்தார். சுப்பவைசருக்குக் கேக்காத மாதிரி, மெல்லமா, "எத்தினை பேர் விழுந்தது பிள்ளை?" எண்டார்.

"ஒண்டும் விழேல்லை ஐயா."

அவருக்கு விளங்கேல்லை. கையை நீட்டினார், மெசினை எடுத்துக் குடுத்தன். திருப்பித் திருப்பிப் பாத்தார். சாரத் தலைப்பால கண்ணாடியை நல்லா அழுத்தித் துடைச்சார், தூசாக்கும் எண்டு. திரும்பவும் பாத்தார். பிறகு ரெண்டு கையாலயும் பிடிச்சு என்னட்டயே தந்தார்.

"நான் அசையேல்லை பிள்ளை," எண்டார். "நடுவில ஒருக்கா இருமல் வந்தது. அதையும் அடக்கிக்கொண்டுதான் நிண்டனான்."